‘கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்’: மூளை ஏவிஎம் சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது செய்யும் தவறுகள்

ஏவிஎம் என்றால் நமக்கெல்லாம் வடபழனியில் சுற்றும் அந்த உருண்டைதான் நினைவுக்கு வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதே மூன்றெழுத்து வந்தால் கதை வேறு. அங்கே அது ‘ஆர்டீரியோவீனஸ் மால்ஃபார்மேஷன்’, அதாவது தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிட்ட கோளாறு. தமனியில் வேகமாக வரும் ரத்தம், நுண்குழாய்களில் பிரிந்து வேகம் தணிந்த பிறகுதான் சிரைக்குள் போக வேண்டும். ஏவிஎம்மில் அந்த நுண்குழாய்களே இல்லை. ஒரு நூல்கண்டுச் சிக்கல் போன்ற முடிச்சு வழியாகத் தமனியும் சிரையும் நேராக இணைந்திருக்கின்றன. அந்த அழுத்தத்துக்குப் பழகாத சுவர் என்றாவது வெடிக்கலாம். ஆயுள் முழுக்க வெடிக்காமலும் இருக்கலாம்.

இதற்கு ரேடியேஷன் தரலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பயம் கேன்சர். நம் ஊரில் கரண்ட் வைப்பது என்றாலே அதுதானே? மாதக்கணக்கில் போய்வர வேண்டும், முடி எல்லாம் கொட்டிவிடும் என்று அக்கம்பக்கத்து அனுபவங்கள் வரிசையாக வந்துவிடும். ஏவிஎம் புற்றுநோய் அல்ல. இங்கே கதிர்வீச்சு பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் 1960களில் உருவாக்கிய காமா நைஃபில், ஏறத்தாழ 200 கோபால்ட் மூலங்களிலிருந்து மெல்லிய கதிர்கள் வந்து ஒரே இடத்தில் குவிகின்றன. பெயரில்தான் கத்தி. தலை அசையாமலிருக்க ஒரு சட்டத்தை மரத்துப்போகும் ஊசி போட்டுப் பொருத்துவார்கள். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள்.

இவ்வளவு சுலபமாக முடிவதுதான் அடுத்த தவறுக்கு வழி செய்கிறது. என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறும் அதுதான். ‘ட்ரீட்மென்ட் முடிந்தது’ என்று சொல்லி வீட்டுக்கு வருகிற அன்று, முடிச்சு அப்படியேதான் இருக்கிறது. கதிர் பட்ட குழாயின் உட்சுவர் மெல்ல மெல்லத் தடித்து, வழி முழுதாக அடைபட 2 முதல் 3 ஆண்டு பிடிக்கும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அதுவரை ரத்தக்கசிவு அபாயம் போய்விடாது. பாதி மூடினால் பாதி பாதுகாப்பு என்ற கணக்கும் செல்லாது. சரியாகிவிட்டதென்று நினைத்து, ஏவிஎம்மால் வரும் வலிப்புக்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் உண்டு. குழந்தைப்பேற்றைத் திட்டமிடும் பெண்கள் இந்தக் காத்திருப்பு ஆண்டுகளைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தலையைத் திறக்க வேண்டாமே என்ற ஒரே காரணத்துக்காகக் கதிரைத் தேர்ந்தெடுப்பதும் சரியல்ல. மூளையின் மேற்பரப்பில், பேச்சு, கைகால் அசைவு போன்ற முக்கியப் பகுதிகளை விட்டுத் தள்ளி இருக்கும் சிறிய முடிச்சை அறுவை சிகிச்சையில் அன்றே முழுதாக எடுத்துவிட முடியும். ஆழத்தில், தொட முடியாத இடத்தில் இருக்கும் சிறிய முடிச்சுக்குத்தான் கதிர் நன்றாகக் கைகொடுக்கிறது. 3 செ.மீ.க்கு உட்பட்டவற்றில் 10 பேரில் 7, 8 பேருக்கு முழுதாக மூடிவிடுகிறது. பெரியவற்றில் இந்த வெற்றி விகிதம் குறையும், பக்கவிளைவு கூடும். ஆகவே நியூரோ சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு முடிச்சை உள்ளிருந்தே அடைப்பவர் என மூவரின் கருத்தையும் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் கருவிதான் பதிலாக வரும்.

அப்புறம் சதவீதக் கணக்கு. இதுவரை கசியாத ஏவிஎம் ஓர் ஆண்டில் கசியும் வாய்ப்பு சுமார் 1 முதல் 2 சதவீதம். ஏற்கெனவே கசிந்ததற்கு அதைவிடச் சில மடங்கு. ‘வெறும் 2 சதவீதம்தானே’ என்று விடுபவரும் உண்டு, 30 ஆண்டுக்கு 60 சதவீதம் என்று பெருக்கிப் பதறுபவரும் உண்டு. ஆண்டுக்கு 2 என்றே வைத்தாலும் 30 ஆண்டில் ஒரு முறையாவது கசியும் வாய்ப்பு 45 சதவீதத்தை ஒட்டி வரும். 10 ஆண்டில் 18. 30 வயதுக்காரருக்கும் 70 வயதுக்காரருக்கும் ஒரே ரிப்போர்ட் இருந்தாலும் ஒரே முடிவு பொருந்தாதது இதனால்தான்.

கசியாத ஏவிஎம்மைப் பற்றி 2014இல் வெளியான அரூபா ஆய்வு, 223 பேரை வைத்து, மருந்தோடு மட்டும் கவனிக்கப்பட்டவர்களில் 10.1 சதவீதத்தினருக்கும், முடிச்சுக்கே சிகிச்சை பெற்றவர்களில் 30.7 சதவீதத்தினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்ததாகச் சொன்னது. இதைப் படித்துவிட்டு ‘கதிரே ஆபத்து’ என்று முடிவு கட்டுவது அவசரம். அறுவை, அடைப்பு, கதிர் எல்லாவற்றையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். சராசரியாகக் கவனித்த காலம் 33 மாதம். கதிர் வேலையை முடிக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆகுமே! ஆனால் ‘கசியவில்லையா, உடனே ஏதாவது செய்’ என்ற அவசரத்தை அந்த ஆய்வு நிறுத்தியது நல்லதற்குத்தான். ஏற்கெனவே கசிந்தவர்களைப் பற்றி அது பேசவே இல்லை.

கதிர் தந்து சில மாதங்கள் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐயில் முடிச்சைச் சுற்றி வீக்கம் தெரிந்தால் பலர் கலங்கிவிடுகிறார்கள். படத்தில் தெரிவது சகஜம். தலைவலி, கைகால் பலவீனம் என்று அறிகுறியாக வெளிப்படுவது அதைவிடக் குறைவு. பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையில் தணியும். சிலருக்கு மட்டும் நிரந்தரக் குறையாகத் தங்கிவிடுகிறது. இந்த வாய்ப்பு உங்கள் முடிச்சின் இடத்துக்கு எவ்வளவு என்பதை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

எம்ஆர்ஐயில் முடிச்சு தெரியவில்லை என்றதும் பின்தொடர்வதை விட்டுவிடாதீர்கள். முழுதாக மூடியதை உறுதி செய்வது ஆஞ்சியோதான். இதயத்துக்குச் செய்வது போலவே தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழாய் விட்டு மூளைக் குழாய்களைப் படம் எடுப்பார்கள். அது முடிந்த பிறகும் ஃபைலைப் பரணில் போட்டுவிட வேண்டாம். கதிர் பட்ட இடத்தில் பல ஆண்டுகள் கழித்து நீர்க்கட்டி உருவாவது அரிதாக நடக்கிறது. அப்போது பார்க்கிற டாக்டர் முதலில் கேட்கப்போவது பழைய படங்களின் சிடியையும், எவ்வளவு கதிர் எந்த இடத்துக்குக் கொடுத்தார்கள் என்ற தாளையும்தான்.