வில்லில் மாட்டும் ரீலும் நூலும்: தூண்டில்காரர் செய்யும் தவறுகள்

வில்லால் மீன் அடிக்க வருகிறவர்களில் ரீலைத் தப்பாக வாங்குவது பெரும்பாலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள்தான். ஒன்றுமே தெரியாமல் வருகிறவர் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு அது ஒத்தும் போய்விடும். நமக்குத்தான் ரீல் என்றதும் கை டிராக் திருகை (ஓடுகிற மீனுக்கு நூலை எவ்வளவு தடையோடு விடுவது என்று வைக்கிற திருகை) தேடும், நூறு கஜம் நூல் கொள்ளுமா என்று மனசு கணக்குப் போடும். டெக்சஸில் முதல் தடவை வில்லோடு படகில் ஏறியபோது நானும் அந்தக் கணக்கோடுதான் ஏறினேன்.

தூண்டிலில் மீன் மாட்டிய பிறகுதான் ரீலுக்குப் பெரிய வேலை. வில்லில் நிலைமை தலைகீழ். ரீல் வில்லில் இருக்கும், நூலின் முனை அம்பில் கட்டியிருக்கும். அம்பு நாணை விட்டுக் கிளம்புகிற அந்தக் கண நேரத்தில் நூலை எந்தத் தடையும் இல்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. மீனை இழுப்பதெல்லாம் அப்புறம், அதையும் பாதி நேரம் கையே செய்துவிடும். கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசம் பிடிபடாததால் வருபவை.

தங்கூசியை அப்படியே விட்டுவைப்பது

வில்லில் மாட்டும் ரீல் மூன்று வகை. வெறும் உருளையில் நூலைக் கையால் சுற்றி வைக்கிற கைச்சுற்று ரீல், மூடிய மூக்கும் பின்னால் பொத்தானும் உள்ள ஸ்பின்காஸ்ட், நூல் ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் விழுந்து கிடக்கிற பாட்டில் ரீல்.

ஸ்பின்காஸ்டில் பலருக்கும் தெரிந்த பெயர் ஜெப்கோ. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை உண்டு. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த ‘ஜீரோ அவர் பாம் கம்பெனி’ என்ற பெயரின் சுருக்கம்தான் ஜெப்கோ. ஆர். டி. ஹல் என்ற கடிகாரக்காரர் கொண்டுவந்த மாதிரியை வைத்து 1949-இல் ரீல் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுடைய 808 மாடல், கெளுத்தி பிடிக்கிறவர் கையிலும் உண்டு, வில்காரர் கையிலும் உண்டு.

தவறு இங்கேதான் தொடங்குகிறது. தூண்டிலுக்கு விற்கிற 808-இல் தங்கூசிதான், அதாவது ஒற்றை இழை நைலான் நூல்தான், சுற்றி வரும். ‘20 பவுண்டு பாரம் தாங்கும் நூல், நான் அடிக்கப்போவது 8 பவுண்டு கெண்டை, போதாதா?’ என்று தோன்றும். போதாது. தூண்டில் கம்பு வளைந்து வளைந்து மீனின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வில்லில் அப்படி வளைந்து கொடுக்க எதுவும் இல்லை. அதோடு வில்மீன்பிடியில் நூல் படுகிற பெரிய பாடு மீனால் வருவதே இல்லை. குறி தவறிய அம்பு போய்க் களிமண்ணில் ஓரடி இறங்கும், இல்லையென்றால் முங்கிக் கிடக்கிற மரத்தில் ஏறும். முள் விரிந்த அம்பை அங்கிருந்து பிடுங்குவதற்குத்தான் நூலுக்கு வலு வேண்டும். மீனின் எடையைப் பார்த்து நூல் வாங்காதீர்கள், ஏரியின் அடித்தளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தங்கூசிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: அது இழுபடும். மரத்தில் மாட்டிய அம்பை இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி நீண்டு, அம்பு விடுபட்டதும் அத்தனை விசையையும் அம்பிடம் கொடுத்து உங்கள் பக்கமே அனுப்பிவைக்கும். ஸ்பெக்ட்ரா, டைனீமா வகைப் பின்னல் நூல்கள் அவ்வளவாக நீள்வதில்லை. டாக்ரான் பின்னலும் ஓடும், ஆனால் ஒரே தடிமனில் ஸ்பெக்ட்ராவின் வலு அதற்குக் கிடையாது. எந்த நூலாக இருந்தாலும் மாட்டிய அம்பைத் தூரத்தில் இருந்து முகத்துக்கு நேரே இழுக்காதீர்கள். படகை அம்புக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, முகத்தை ஒதுக்கிக்கொண்டு இழுங்கள்.

மெல்லியதும் ஆகாது, வடமும் ஆகாது

சரி, பின்னல் நூல் என்று முடிவாகிவிட்டது. எத்தனை பவுண்டு? தொடங்குகிறவருக்கு 200 பவுண்டு. பாட்டில் ரீல்கள் பலவும் இந்த நூலோடுதான் வருகின்றன. தூண்டில்காரர் இங்கே இரண்டு பக்கமும் சறுக்குவார். ‘80 பவுண்டு பின்னல் வீட்டில் கிடக்கிறதே’ என்று அதைச் சுற்றுவார். வலு போதும்தான், ஆனால் அந்த நூல் அவ்வளவு மெலிசு. பாரம் விழுந்தால் ஸ்பூலில் கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்துகொள்ளும். அடுத்த அம்பு போகும்போது அங்கேயே நிற்கும். கையால் பிடித்து இழுத்தாலோ விரலை அறுத்துவிடும். 200 பவுண்டு நூலுக்கே கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், 80-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுபக்கம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 400, 600 பவுண்டு வாங்குகிறவர். நூல் தடிக்கத் தடிக்க அம்பை அதிகமாகப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும், ஆழத்தில் குறி விழாது. ஸ்பின்காஸ்ட் ஸ்பூலில் தடித்த நூல் கொஞ்சம்தான் கொள்ளும். திணித்துச் சுற்றினால் மூடிக்குள் உரசும். கனத்த நூல்கள் அலிகேட்டர் கார் (gar) என்கிற முதலைமூஞ்சி மீன் போன்ற ராட்சதங்களுக்கு. அந்த மீனை அடிக்கிறவர் தினமும் அடிப்பதில்லை, நிறைய அடிக்கவும் முடியாது. டெக்சஸில் பெரும்பாலான நீர்நிலைகளில் நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்று என்று 2009 முதல் வரம்பு இருக்கிறது.

நீளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாம் எய்வது ஐந்து முதல் பதினைந்து கஜ தூரத்துக்குள். பாட்டிலில் வருகிற 25 கஜம் தாராளம்.

பொத்தானை மறப்பது

ஸ்பின்காஸ்ட் ரீலின் நல்ல குணங்கள்: வேகமாகச் சுற்றலாம், டிராக் உண்டு, படகில் நூல் சிதறிக் கிடக்காது. கெட்ட குணம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் பொத்தானை அழுத்தி நூலை விடுவிக்க வேண்டும். மறந்தால் நூல் பூட்டியே இருக்கும். அம்பு இரண்டு மூன்று அடி போனதும் நூல் விறைக்கும். அதற்கப்புறம் நடப்பது உங்கள் அதிர்ஷ்டம். நூல் அறுந்தால் அம்பு ஏரிக்குப் போச்சு. அறாவிட்டால் அம்பு திரும்பி வரும்.

எனக்கு அறுந்தது. ஒரு நண்பரின் ரீல், அவருடைய அம்பு, இரவு பத்து மணி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடித்த கெண்டை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ‘பட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கெண்டையும் உடனே நகரவில்லை என்பதுதான் எனக்கு அதிக அவமானம்.

எய்வதற்கு முன் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டால் மறந்துபோகும், ஏனென்றால் அப்போது கண் மீன்மேல் இருக்கும். நூலைச் சுற்றி முடித்து அம்பு கைக்கு வந்ததுமே அழுத்திவிடுங்கள். நாணை இழுக்கும் முன் இன்னொரு தடவை. இரண்டாவது ஏன் என்றால், பொத்தானை அழுத்திய பிறகு கைப்பிடியைச் சட்டைக்கை லேசாகத் தட்டித் திருப்பினாலே ரீல் மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்பின்காஸ்ட் முதல் ரீலாக வேண்டாம் என்கிறேன். வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிப் பழகிக்கொண்டவர்கள் நிறைய உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பாட்டில் ரீலில் இந்தப் பொத்தானே கிடையாது. ஏ.எம்.எஸ். ரிட்ரீவர் பரவலாகத் தெரிந்த உதாரணம். விசையைப் பிடித்து அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் நூல் புட்டிக்குள் போய் விழும். விசையை விட்டால் நூல் எப்போதும் சுதந்திரம்.

பாட்டிலிடம் தூண்டில் ரீலின் வேலையைக் கேட்பது

ஆனால் பாட்டில் ரீல் வாங்கியவர் வழக்கமாகச் செய்கிற தப்பு, மீன் அடிபட்டதும் கைப்பிடியைச் சுற்றி மீனை இழுக்கப் பார்ப்பது. அந்த ரீல் அதற்குச் செய்யப்பட்டதல்ல. நூலைக் கையால் இழுத்து மீனைப் படகுக்குக் கொண்டுவர வேண்டும், படகில் விழுந்த நூலை அப்புறம் ரீலால் உள்ளே சுற்ற வேண்டும். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கை மாற்றி மாற்றி இழுப்பதுதான்.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது அடுத்த தவறு. முதல் மீனைப் பெட்டியில் போட்டதும் இரண்டாவது மீன் தெரியும். காலடியில் பதினைந்து கஜம் நூல் சுருண்டு கிடக்கும். ‘பரவாயில்லை’ என்று எய்வார்கள். அந்தச் சுருளுக்குள் செருப்பு இருக்கலாம், படகின் கொக்கி இருக்கலாம், பக்கத்தில் நிற்கிறவரின் கணுக்காலும் இருக்கலாம். நூல் முழுக்கப் புட்டிக்குள் போகும்வரை அம்பை நாணில் ஏற்றக்கூடாது. சுற்றும்போதே பாசியையும் இலையையும் விரலால் வழித்துவிடுங்கள். அவை உள்ளே போனால் நூல் முடிச்சாகி வாயில் வந்து அடைக்கும்.

புது நூல் மொடமொடவென்று இருக்கும். கரையிலேயே தண்ணீரில் முக்கி ஈரமாக்கி, நாலைந்து தடவை வெறும் தண்ணீரில் எய்து சுற்றினால் அடங்கிப் படியும். காய்ந்த புது நூலோடு போய் முதல் அம்பையே மீன்மேல் விடுவது அவசரம்.

பெரிய கார் மீனுக்கு எந்த ரீலும் தனியாகப் போதாது. 2011-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஒருவர் வலையில் சிக்கிய அலிகேட்டர் கார் 327 பவுண்டு. அந்த அளவு வேண்டாம், நூறு பவுண்டு மீன் ஓடினாலே 25 கஜம் நொடியில் தீர்ந்துவிடும், அப்புறம் வில்தான் கையை விட்டுப் போகும். அதற்குத்தான் மிதவை: நூலின் மறுமுனையை மிதவையில் கட்டி வில்லில் செருகி வைப்பார்கள். மீன் ஓடினால் மிதவை கழன்று தண்ணீரில் போகும், படகு அதன் பின்னால் போகும்.

நூலை அம்பின் வாலில் கட்டுவது

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரீல் எது, நூல் எது என்பதைவிட நூல் அம்பில் எங்கே சேர்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய முறை, அம்பின் பின்பகுதியில் உள்ள ஓட்டையில் நூலைக் கட்டுவது. நாணை இழுக்கும்போது அம்பின் வாலோடு நூலும் வில்லுக்குப் பின்னால், உங்கள் முகத்துப் பக்கம் வரும். வரும் வழியில் நாணிலோ, கப்பி வைத்த வில்லின் கேபிளிலோ, சட்டைப் பொத்தானிலோ ஒரு சுற்று மாட்டிக்கொண்டாலும் உங்களுக்குத் தெரியாது. விட்டதும் அம்பு கிளம்பும், நூல் விறைக்கும், அம்பு திரும்பும். நூல் அறாத வலுவுள்ளதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கண் போனவர்கள் உண்டு, அதைவிட மோசமும் நடந்திருக்கிறது.

இதற்கு வந்த மாற்றுதான் சேஃப்டி ஸ்லைடு: அம்புத் தண்டில் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு சின்ன வளையம். நூலை அதில் கட்ட வேண்டும். நாணை முழுக்க இழுத்தாலும் வளையம் வில்லுக்கு முன்னாலேயே நிற்கும். அம்பு பறக்கும்போதுதான் பின்னால் நழுவி வால்பக்கத் தடுப்பில் போய் முட்டும். நூல் ஒருபோதும் முகத்துப் பக்கம் வராது. பழைய அம்பு கைமாறி வந்தால், அதில் ஓட்டை மட்டும் இருந்தால், வளையமும் தடுப்பும் மாட்டாமல் எய்யாதீர்கள். கைச்சுற்று ரீல் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். விலை குறைவு, எந்திரம் எதுவும் இல்லை என்று அந்த ரீலைப் புகழலாம். நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால் அதுவும் சிக்கும்.

முடிச்சிலும் கவனம் வேண்டும். ஸ்பெக்ட்ரா வழுக்கும், தங்கூசிக்குப் போடுகிற அதே முடிச்சு இதில் மெதுவாக அவிழும். பாலோமர் முடிச்சு நிற்கும். வாலை அரை அங்குலம் விட்டு, லைட்டரால் நுனியைச் சுட்டு மொட்டாக்குங்கள். முடிச்சையே சுட்டுவிடாதீர்கள்.

சில்லறைத் தவறுகள்

பாட்டில் ரீல்களில் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று உண்டு. இணையத்தில் அவசரமாக வாங்கினேன், இடக்கை ரீல் வந்தது, திருப்பி அனுப்ப மூன்று வாரம் போயிற்று. ரீல் எங்கே மாட்டும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பின்காஸ்ட், வில்லின் முன்புறம் ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க வைக்கிற தண்டு) மாட்டுகிற துளையில் ஏறும். பாட்டில் ரீல் பெரும்பாலும் பக்கவாட்டில் சைட் (குறி பார்க்கிற கருவி) மாட்டுகிற துளைகளில். பழைய மர ரிகர்வ் வில்லில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்லில்) இந்த இரண்டு துளையும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கட்டிப் பொருத்துகிற கைச்சுற்று ரீல்தான் வழி.

இரவில் அடிக்கிறவர்கள் பளிச்சென்ற நிற நூலை வாங்குங்கள். மீனுக்கு நூல் தெரிந்துவிடுமோ என்ற தூண்டில்காரர் கவலை இங்கே வேண்டாம், அம்பு போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த மீன் நூலையே பார்க்கும்.

அம்புப் பக்கத்து முதல் நாலடி நூலைத்தான் கல்லும் மரமும் கார் மீனின் செதிலும் அராவும். ஒவ்வொரு முறை இறங்குமுன் அந்த நாலடியை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வெட்டி வெட்டி 25 கஜம் 18 ஆனதும் புது நூல் போட வேண்டியதுதான். பழையது தோட்டத்தில் புடலைப் பந்தல் கட்ட உதவும். என் வீட்டுப் பந்தல் மூன்று வருஷமாக அதில்தான் நிற்கிறது.