ஆராதனை அன்று ரேடியோ கரகரக்காமல் கேட்க

புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாற்றுப் பந்தலுக்குப் போக முடியாதவர்களுக்கு வானொலியின் நேரடி ஒலிபரப்பு பெரிய வரம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவர் பாடிய பஞ்சரத்ன கீர்த்தனைகளைத் தடங்கலில்லாமல் கேட்க வேண்டாமா?

திருச்சி நிலையத்தை மத்திய அலையில், 936 கிலோஹெர்ட்ஸில் பிடிப்பவர்கள் மேலே நீட்டுகிற கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது எஃப்.எம்.முக்குத்தான். மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு. தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி தேய்ந்துவிடும். பக்கவாட்டுதான் பார்க்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருச்சி மேற்கே. அதனால் பெட்டியின் நீளவாக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கட்டும். பிறகு தம்புராவின் ரீங்காரம் தெளிவாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள்.

அப்புறமும் இரைச்சலா? பக்கத்தில் எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றாக அணைத்தால் குற்றவாளி தெரிந்துவிடும். கரண்டில் ஓட்டுவதைவிட பேட்டரியில் ஓட்டினால் இன்னும் சுத்தம். ஜன்னலோரம் நல்ல இடம். இரும்பு பீரோ மேல் வைக்கவே கூடாது.

இரவுக் கச்சேரிக்கு மட்டும் கைபேசிச் செயலி மேல். இருட்டியபின் தூரத்து நிலையங்களின் மத்திய அலை வானிலிருந்து எதிரொளித்து வந்து குறுக்கே விழும். செயலியில் பாட்டு சில நொடி பிந்தி வரும், ஆகவே இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். தாளம் போட முடியாது.