நாலு பேர் மத்தியில் மின்னூல் படிப்பது எப்படி

ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரம், போனில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல இடம் வந்தது, சிரித்துவிட்டேன். எதிரே இருந்த ஆண்டி அம்மாவின் தோளைத் தட்டி, "மகளுக்கு ஆள் இருக்கு போல" என்றார். வீடு வந்து சேரும்வரை காருக்குள் விசாரணை. அதே நாவல் அச்சுப் புத்தகமாகக் கையில் இருந்திருந்தால், "நல்லா படிக்கிற புள்ள" என்றிருப்பார்.

மின்னூலுக்கு வெளியே தெரிகிற அட்டை இல்லை, வம்பே அதுதான். என்ன படிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாதது எனக்கு வசதி. படிக்கிறோம் என்பதே தெரியாததால்தான் ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஓட்டுக்குள் போய்விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எந்தத் தோட்டம், யாரு மகள்?" என்று கேட்காமல் இங்கே யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கிண்டில் கருவி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புத்தகம்போல் திறக்கிற உறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் டைரி மாதிரி இருக்கும். பஸ் நிறுத்தத்து வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரியும். போன்தான் இருக்கிறதென்றால் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்காதீர்கள். எதிரே ரொட்டி சானாய் தின்பவர், தன்னைப் படம் பிடிப்பதாக நினைத்துச் சட்டையைச் சரிசெய்வார். மேசையில் டிஷ்யூ டப்பாமேல் சாய்த்து வையுங்கள். குழம்பு விரலா? சுண்டுவிரல் மொளியால் தொட்டாலும் பக்கம் திரும்பும்.

எந்த வகைக் கோப்பு என்றும் பார்த்து இறக்குங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், திரை அகலத்துக்கு வரி தானே மடங்குகிற ஈபப் கோப்பு கிடைக்கும், 6 அங்குலத் திரைக்கென்று தனி பிடிஎஃப்பும் உண்டு. ஏ4 பிடிஎஃப்பைப் போனில் திறந்தால் வரிக்கு வரி இடமும் வலமும் இழுக்கவேண்டும். பார்ப்பவருக்கு நீங்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் இருக்கும். ஈபப்பே நல்லது. வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், தோட்டத்து உள்பக்கம் லைன் சரியாகக் கிடைக்காது.

எழுத்தை ரொம்பப் பெரிதாக்கவேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபக்கமும் சமமாக்கினால் நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி வரும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி மாற்றுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. நான் பெரிய எழுத்தில் படித்த ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் பக்கத்திலிருந்த அங்கிள், "இரும்மா, திருப்பிடாத, நான் இன்னும் முடிக்கல" என்றார். மறுக்க வாய் வரவில்லை. பஸ் வரும்வரை அவர் தலையாட்டத் தலையாட்டத் திருப்பினேன்.

ஒட்டுக்கடைக்கு, அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு, பத்து மணிக்குமேல் போங்கள். பசியாற வந்த கூட்டம் கலைந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்திருக்காது. சுவர் பக்கம், டிவிக்கு முதுகு காட்டி உட்காருங்கள். தே ஓ (பால் இல்லாத டீ) வந்ததுமே காசைக் கொடுத்துவிட்டால், பிறகு யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

"என்ன பாக்குற?" என்று கேட்டால் "சும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சும்மா இருப்பவளோடு பேசலாம் என்றுதான் அர்த்தம். "கதைப் புத்தகம், அங்கிள்" என்று சொல்லித் திரையைத் திருப்பி இரண்டு விநாடி காட்டுங்கள். நெருக்கமான எழுத்தைப் பார்த்ததும் போய்விடுவார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஐபோனில் வருகிற தமிழ்ச் சங்கம் எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது என்று ஒருமுறை பெருமையாகச் சொல்லிவைத்தேன். அரைமணி நேரம் போயிற்று.

சாவு வீட்டிலும் பூசை நேரத்திலும் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கிளினிக்தான் எனக்குப் பிடித்த இடம். காத்திருக்க நேரமும் உண்டு, யாருக்கும் பேசும் தெம்பும் இருக்காது. ஆனால் கதையில் மூழ்கி இரண்டு முறை என் நம்பரைத் தவறவிட்டேன், மறுபடியும் கடைசியிலிருந்து. இப்போது உட்கார்ந்ததும் பக்கத்து ஆண்டியிடம் சீட்டைக் காட்டி, "கூப்பிட்டா சொல்லுங்க ஆண்டி" என்பேன். நானாகப் பேச்சைத் தொடங்குவது அங்கே மட்டும்தான்.