கார் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது? டயரில் காசு மிச்சம் பிடிப்பது எப்படி?

கார் வாங்கும்போது தவணை எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்போம். நாலு டயரும் ஒன்றாகத் தேய்ந்து நிற்கும் நாளில் இருபதாயிரம் ரூபாய் வேண்டும் என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் கரைவது மாதிரியே டயரும் கரைகிறது. பெட்ரோலுக்கு அன்றைக்கே காசு கொடுக்கிறோம், டயருக்கு மூன்று நாலு வருஷம் கழித்து மொத்தமாகக் கொடுக்கிறோம். அந்த மொத்தத்தை மாதக் கணக்கில் உடைத்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

முதல் படி: மாதம் எத்தனை கிலோமீட்டர்?

ஒன்றாம் தேதி மீட்டரைப் போட்டோ எடுங்கள், அடுத்த ஒன்றாம் தேதி இன்னொன்று. கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் வீடு, நெல்லை டவுனில் வேலை என்றால் ஐந்நூறைத் தாண்டாது. வள்ளியூரிலிருந்து தினமும் நெல்லைக்கு வந்து போகிறவர் இரண்டாயிரத்தைத் தொட்டுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு உங்களுக்கு உதவாது.

இரண்டாம் படி: செலவை மாதத்துக்கு உடைப்பது

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சின்ன பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். நாலு டயர், மாட்டுக்கூலி, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். 40,000 கிலோமீட்டர் வரும் என்றால் கிலோமீட்டருக்கு 50 பைசா, அதாவது மாதம் 500 ரூபாய். வருஷ சர்வீஸ் 7,200 என்றால் மாதம் 600. இன்சூரன்ஸ் 12,000 என்றால் மாதம் 1,000. பேட்டரி 4,800, நாலு வருஷம் வரும் என்றால் மாதம் 100. பிரேக் பேட், வைப்பர், புகைச் சான்று என்று உதிரிச் செலவுக்கு 400. ஆக 2,600 ரூபாய்.

இதெல்லாம் மாதிரிக் கணக்குதான். உங்கள் பழைய பில்களை எடுத்து உங்கள் தொகையைப் போடுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே, டயர் போனால் அவர்கள் தருவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கிழிந்தால் ஒன்றும் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் உண்டு, அதிலும் டயர் விலையில் பாதி வரைதான்.

மூன்றாம் படி: பணத்தை எங்கே வைப்பது

சம்பளம் வரும் கணக்கிலேயே கிடந்தால் கோயில் கொடைக்கு வரி, கல்யாணத்துக்கு மொய் என்று போய்விடும். புழங்காத சேமிப்புக் கணக்கு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். சம்பளத்துக்கு மறுநாள் தானாக அதற்குப் போகிற மாதிரி பேங்க் ஆப்பில் போட்டு வையுங்கள். சீட்டு எனக்குச் சரிப்படவில்லை. டயர் வெடிக்கிற மாதமும் சீட்டு விழுகிற மாதமும் ஒன்றாக வராது. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருஷத் திட்டம், நடுவில் கை வைக்கத் தோதில்லை.

நான்காம் படி: காற்று

டயரில் மிச்சம் பிடிக்க இதைவிடப் பெரிய வழி கிடையாது, செலவும் கிடையாது. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். மாதம் இரண்டு தரம் பிடித்தால் போதும்.

எவ்வளவு பிடிப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு, பின் டயருக்கு, இரண்டு பேர் போனால், வண்டி நிறைய ஆள் போனால் என்று தனித்தனி அளவு போட்டிருப்பார்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் 30-இலிருந்து 36 பி.எஸ்.ஐ.-க்குள் (காற்றழுத்தத்தின் அளவு) இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. சாரல் சீசனில் மாமா, சித்தி, பிள்ளைகள் என்று திணித்துக்கொண்டு குற்றாலம் போகிற அன்றைக்கு அந்த ‘நிறைய ஆள்’ அளவைப் பாருங்கள்.

காலையில் வண்டி எடுத்ததும், பக்கத்துப் பங்க்கிலேயே பிடியுங்கள். திருச்செந்தூர் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் சூட்டில் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதிகம் என்று இறக்கிவிட்டால், ஆறின பிறகு டயர் தொய்ந்து போயிருக்கும். நைட்ரஜன் போடவா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா கிடைத்தால் பிடியுங்கள், காசு கொடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: டயரைத் தடவிப் பார்ப்பது

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வண்டியை நிறுத்துங்கள். முன் டயரின் முகம் முழுக்க வெளியே தெரியும். உள்ளோரத்திலிருந்து வெளியோரம் வரை உள்ளங்கையால் தடவுங்கள். நடுப்பட்டை மட்டும் மழுங்கியிருந்தால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் மழுங்கியிருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டினால் பேலன்சிங்கோ சஸ்பென்ஷனோ சரியில்லை. பெரும்பாலும் உள்ளோரம்தான் சத்தமில்லாமல் தேயும். நின்ற வாக்கில் பார்த்தால் கண்ணுக்கே படாது.

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் அதன் ஆயுசு முடிந்தது. சட்டமும் அதுதான். அதுவரை இழுக்காமல், வடகிழக்கு மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே மாற்றுவது என் வழக்கம். வழுவழுத்த டயரோடு நான்குவழிச் சாலையில் மழையில் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெளியூரில் இருப்பவர்கள் ஊர் வீட்டில் விட்டுவைத்து, கோயில் கொடைக்கு வரும்போது மட்டும் எடுக்கும் கார்கள் நம் பக்கம் நிறைய. அவற்றில் டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) புதுசாகவே இருக்கும். ஆனால் வெயிலில் கிடந்து பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கும். ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வெடிப்பைப் பாருங்கள்.

ஆறாம் படி: இடம் மாற்றுவது

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர் சீக்கிரம் தேயும். சுமார் 8,000–10,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம், முன்னதை நேராகப் பின்னுக்கும், பின்னதைக் குறுக்காக முன்னுக்கும் மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான். அலைன்மென்டும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஏழாம் படி: முள்

உடங்காட்டு (உடைமர முள்காடு) ஓரமாக வண்டியை ஒதுக்கினால் முள் ஏறாமல் திரும்பாது. டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். அது உள்ளே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், காற்று பிடித்துக்கொண்டு கடை வரை போய்விடலாம். கடையில் சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குமிழி வந்த இடத்துக்கு மட்டும் காசு கொடுங்கள். பக்கவாட்டில் குத்தியிருந்தால் ஒட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டியதுதான்.

எட்டாம் படி: புது டயர் வாங்குவது

பழைய டயரில் 165/80 ஆர்14 85டி என்கிற மாதிரி எழுதியிருக்கும். 165 மில்லிமீட்டர் அகலம், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், 14 அங்குல ரிம். 85 என்பது எடை தாங்கும் குறியீடு, டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். இதை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எடுப்பாக இருக்கட்டும் என்று அகலமான டயர் போட்டால் விலையும் கூடும், மைலேஜும் விழும்.

நெல்லையில் வண்ணார்பேட்டை, பாளைப் பக்கம் இரண்டு மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணாச்சி, மாட்டி, பேலன்ஸ் பண்ணி, புது வால்வு போட்டு, வரியோட மொத்தம் எவ்வளவு?” வெறும் டயர் விலையை மட்டும் கேட்டால் கடைசியில் பில் வேறு மாதிரி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் சரிபாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஃபேக்டரி இருக்கிறதே, அங்கே மலிவாகக் கிடைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே செய்வது டிராக்டர் மாதிரி வண்டிகளுக்கான டயர்.

மாட்டுவதற்கு முன் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3625 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 36-ஆவது வாரத்தில் செய்தது. இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்த சரக்கைப் புது விலைக்குக் கொடுத்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே. எதுவானாலும் இதே எண் முறைதான்.

காசு பற்றாமல் இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். “புதுசை முன்னால போட்டாத்தான் சார் நல்லா இருக்கும்” என்று கடைப் பையன் சொல்வான், விட்டுக்கொடுக்காதீர்கள். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டாம். உள்ளே என்ன அடிபட்டிருக்கிறது என்று வெளியே தெரியாது. கழற்றின பழைய டயருக்குக் கடைக்காரர் ஒரு விலை போடுவார், அதையும் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியின் வயசைப் பார்த்துவிட்டு, அதைவிட நல்லது பழைய நாலில் ஒன்று இருந்தால் அதைக் கொடுக்காமல் டிக்கியில் போட்டு வையுங்கள். பில்லோடு வாரன்டி அட்டையையும் டயர் எண் எழுதி வாங்கிவிட்டு, அன்றைய மீட்டர் கணக்கை அந்த பில்லிலேயே குறித்து வையுங்கள்.