இரண்டு பழைய றேடியோவில் ஒரு தெரமின்

மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் காவலுக்குப் போகிறவர்கள் பரணில் றேடியோ வைத்திருந்த காலத்தில் என் கடை மேசையில் இடமே இருக்காது. இப்போது எல்லோர் கையிலும் போன். திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராதவை ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அதில் இரண்டை எடுத்துத்தான் மருமகனுக்குத் தெரமின் செய்து கொடுத்தேன். தொடாமலே வாசிக்கிற வாத்தியம் அது.

முள் நகரும் பழைய மீடியம் வேவ் றேடியோ இரண்டு வேண்டும். எண் ஒளிரும் புதியவை சரிவராது. இரண்டும் பற்றரியில் ஓடட்டும். வீட்டுக் கறண்டில் மாட்டிய றேடியோவைத் திறக்கவே வேண்டாம்.

பொழுதுபட்ட பிறகு முதல் றேடியோவைத் தூத்துக்குடி வானொலிக்கு, 1053 கிலோஹேர்ட்சுக்கு, வையுங்கள். இரண்டாவதைப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தை முழுக்கக் குறையுங்கள், ஆனால் அணைக்க வேண்டாம். அதன் முள்ளை 600க்குச் சற்று முன்னே கொண்டுபோய் மெல்லத் திருகுங்கள். முதல் றேடியோவில் ஒரு கீச்சு கிளம்பும், கீழே இறங்கும், காணாமல் போகும், மறுபடி ஏறும்.

காரணம் இதுதான்: இந்த வகை றேடியோக்களுக்குள் ஒரு சிறு அலையியற்றி, அதாவது தானாகவே றேடியோ அலை எழுப்பும் சுற்று, முள் காட்டுவதைவிட 455 கிலோஹேர்ட்ஸ் மேலே ஓடிக்கொண்டிருக்கும். 598உம் 455உம் 1053. உள்ளே ஓடும் அலை கொஞ்சம் வெளியே கசிந்து தூத்துக்குடியோடு மோதுகிறது. இரண்டுக்கும் 440 ஹேர்ட்ஸ் வித்தியாசம் என்றால் அந்த 440தான் காதில் விழும்.

இனி இரண்டாவதின் பின்மூடியைக் கழற்றுங்கள். நிலையம் பிடிக்கும் திருகியோடு சேர்ந்து சுழலும் பாகம்தான் கேங் கண்டென்சர்; அதன் கால்களை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டால் கீச்சு நன்றாக மாறுகிறதோ அதுதான் நமக்கான கால். ஈயம் வைத்து ஒட்டாதீர்கள், அலையியற்றி நின்றுவிடலாம். உறை உரிக்காத வயரை அதில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மீதியை அரை மீற்றர் நிமிர்த்தி விட்டால் போதும். சுதி விலகியிருக்கும், மறுபடி சத்தம் மறையும் இடத்தைப் பிடித்து, முள்ளைக் குறைந்த எண் பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள். கை வயரை நெருங்க நெருங்கச் சுதி ஏறும்.

லியோன் தெரமின் 1920 அளவில் ரஷ்யாவில் வாயுக்களை அளக்கும் கருவியொன்றைச் செய்துகொண்டிருந்தபோது, கை அசைய ஹெட்போனில் சுதி மாறுவதைக் கவனித்தார். செல்லோ வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் அதை வாத்தியமாகக் கேட்டார். நானாக இருந்தால் பழுது என்று திருத்தியிருப்பேன். மோதுவதற்கு வேண்டிய மாறாத அலைக்கு அவர் தனி மின்சுற்று வைத்தார். நாம் தூத்துக்குடியைக் கடன் வாங்குகிறோம். 1922இல் லெனினுக்கு வாசித்துக் காட்டினார். 1929இல் அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பனி அதை விற்பனைக்குச் செய்தது. 1938இல் நாடு திரும்பியவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கிருந்தும் அரசுக்குக் கருவிகள் செய்தார். அதில் ஒன்று, 1945இல் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகப் போன மரச் சின்னத்துக்குள் ஒளித்த ஒட்டுக்கேட்கும் கருவி. பற்றரி கிடையாது. வெளியிலிருந்து றேடியோ அலை பாய்ச்சும்போது மட்டும் உயிர் வரும். 1952 வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு வாத்தியத்தைவிட அதுதான் பெரிய வேலை. 1993இல், 97 வயதில் மொஸ்கோவில் காலமானார்.

அவருடைய வாத்தியத்தில் இடது கைக்குச் சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு வளையம் உண்டு. நமக்கு முதல் றேடியோவின் சத்தத் திருகி. செய்தி வாசிப்பவர் கூடவே பேசிக்கொண்டிருந்தால் அந்த றேடியோவை மெல்லத் திருப்புங்கள்; ஒரு திசையில் நிலையம் மங்கும், கீச்சு மேலே வரும். எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் எல்லாம் இரையும், அணைத்துவிடுங்கள். கறண்ட் போன இரவென்றால் இன்னும் நல்லது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் கை தாவினால் பூனைச் சண்டைதான். ஸவில் நின்று, விரலை மட்டும் நீட்டிப் பவைத் தேடுங்கள். பக்கத்தில் ஆள் நடந்தாலே சுதி ஓடும். மருமகனை எட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நான் தொடங்குவது.