கை நீட்டலும் மூளையும்: தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

மேசைமேல் உள்ள தேநீர்க் குவளையை எடுக்க நாம் கை நீட்டும்போது, கண் பார்த்துப் பார்த்துக் கையை ஓட்டிச் செல்கிறது என்று எண்ணுவதே முதல் தவறு. கண்ணில் பட்ட செய்தி கையின் போக்கை மாற்றச் சுமார் 100 முதல் 150 மில்லி விநாடி ஆகிறது. கை குவளையை அடையவோ பெரும்பாலும் ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஆகவே பார்வை வழியில் திருத்தினாலும், தொடக்கம் மூளையின் முன்கணிப்பையே நம்பியிருக்கிறது. நிறைகுடம் என்று எண்ணி வெறுங்குடத்தைத் தூக்கியவருக்கு இது தெரியும்: எடைக்கான விசை முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டதால் கை விசுக்கென்று மேலே போய்விடும்.

பழகுதல் என்பது தசையை இறுக்கிக்கொள்வது மட்டுமே என்பதும் சரியன்று. 1994இல் ரெசா ஷட்மேரும் முசா-இவால்டியும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் பிடித்திருந்த இயந்திரக் கைப்பிடி, கையின் வேகத்துக்கேற்ப அதைத் தள்ளியது. முதலில் வளைந்த பாதை, பயிற்சியில் மீண்டும் நேரானது. பிறகு விசையை நிறுத்தியதும் கை எதிர்ப்புறம் வளைந்தது. தசை வெறுமனே இறுகியிருந்தால் இப்படி வளைந்திருக்காது. இல்லாத விசையை மூளை எதிர்பார்த்து ஈடுசெய்திருக்கிறது.

எனக்கு மிகப் பெரியதாகப் படும் தவறு, அறிந்துகொண்டால் கை திருந்திவிடும் என்ற நம்பிக்கை. கையின் இடத்தைக் காட்டத் திரையில் தெரியும் புள்ளி கையின் திசையிலிருந்து 45 பாகை விலகி நகருமாறு அமைத்து, அதை ஈடுகட்ட அடுத்துள்ள இலக்கை நோக்கி நீட்டும்படி ஆய்வாளர்கள் மசோனியும் கிராக்கவரும் பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். இந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. உடனே பிழை மறைந்தது. ஆனால் முயற்சிகள் தொடரத் தொடர, அவர்கள் விரும்பாமலேயே பிழை மீண்டும் வளர்ந்தது. தெரிந்து கையாண்ட உத்தியை, தெரியாமல் நடந்த தகவமைப்பு, அதாவது கை தானாகப் பழகிக்கொள்வது, மீறிவிட்டது.

இந்தத் தகவமைப்புக்குச் சிறுமூளை இன்றியமையாதது. அது பாதிக்கப்பட்டவர் குறி தவறுவதைக் கவனக்குறைவு என்று கடிவது கொடுமை. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் முப்பட்டகக் கண்ணாடியை அணிந்து பந்தெறியும்போது, குறி தவறுவதைக் கண்டும் இவர்களில் பலரால் அடுத்தடுத்த வீச்சுகளில் அதைச் சரிசெய்ய முடிவதில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் மற்றவர்களின் பந்து சிறிது நேரம் எதிர்ப்புறம் விலகிப் போகும். இவர்களுடையது அப்படி விலகுவதில்லை, ஏனெனில் கை அந்தக் கண்ணாடிக்குப் பழகவே இல்லை.