குந்திரிக்கம் புகைப்பது எப்படி: கருகாமல் மணம் எடுக்க

மரப்பட்டையில் வெட்டு விழுந்தால், அந்தக் காயத்தை மூட மரம் பால் போன்ற பிசினைக் கசியவிடும். காற்றுப்பட்டு அது துளித்துளியாக இறுகும். ஓமான், ஏமன், சோமாலியா பகுதிகளில் போஸ்வெலியா மரங்களிலிருந்து இப்படிச் சுரண்டி எடுப்பது குந்திரிக்கம். ஸ்டைராக்ஸ் மரத்தில் கிடைப்பது சாம்பிராணி. பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: சாம்பிராணியில் வெனிலா போன்ற இனிப்பு வாசம், குந்திரிக்கத்தில் எலுமிச்சைத் தோலின் வாசம்.

1. வாங்கியது குந்திரிக்கம்தானா என்று பார்க்க, இறுகிய ஒரு துளியைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கி, கரையாத துகள் மிஞ்ச வேண்டும். குந்திரிக்கத்தில் கோந்தும் பிசினும் கலந்திருப்பதால்தான் அப்படி. முழுக்கக் கரைந்துவிட்டால் அது வெறும் கோந்து.

2. தூபக்காலில் இரண்டு விரல் உயரம் மணல் நிரப்பி, மேலே கரித்துண்டைப் பற்றவையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

3. கரி முழுக்க வெள்ளையாகச் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். அவசரம்தான் இங்கே எல்லாவற்றையும் கெடுக்கிறது. செக்கச்சிவந்த தணலில் நேராகப் போட்டால் பிசின் பொசுங்கி, தீய்ந்த நாற்றம்தான் வரும். தணல் மேல் ஒரு கரண்டி சாம்பல் தூவி, அதன்மேல் பட்டாணி அளவு துண்டு ஒன்றை வையுங்கள். ஓரம் பளபளத்து, மெல்ல இளகி, குமிழ் விடும்; வெள்ளைப் புகை நூலாக எழும்பும். முதல் சில நிமிடங்களின் மணம்தான் சிறந்தது. அப்புறம் துண்டு கறுத்ததும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

சரி, மருந்துப் பயன்? குந்திரிக்கப் பிசினில் உள்ள, அழற்சிக்கு மருந்தாகுமா என்று ஆராயப்படும் போஸ்வெலிக் அமிலங்கள் எளிதில் ஆவியாகாதவை. அதனால் குந்திரிக்கத்தைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் அவை அநேகமாக இருக்காது. ‘மூட்டுவலிக்கு’ என்று அந்த எண்ணெயை யாராவது பரிந்துரைத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். புகையையும் மருந்தாக எண்ண வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் புகைக்கவே கூடாது. சாம்பிராணிக்கு வேறு வேலை உண்டு: ஆல்கஹாலில் கரைத்த அதன் டிங்சரை, பிளாஸ்டர் நன்றாக ஒட்டுவதற்காகத் தோலில் பூசுவார்கள்.

மீதித் துண்டுகளை மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியில், வெயில் படாமல் வையுங்கள். தணலை மணலில் புதைத்து, முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள்.